வில்லின் எடையை ஏற்றினீர்கள், அம்பை மாற்றினீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு அப்பா தன் மகனை மைதானத்துக்கு அழைத்து வந்தார். பையனுக்குப் பதினைந்து வயது. "சார், ரெண்டு வாரமா அம்பு எல்லாம் சிதறிப் போகுது. சைட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றார். குறிபார்க்கும் கருவியைத்தான் சொன்னார். பையன் நின்று, நுனிகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லை முழுக்க இழுத்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "தம்பி, விடாதே. அப்படியே மெதுவா இறக்கு" என்று சொல்லிவிட்டு, அவன் இறக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

முழு இழுப்பில் அவனுடைய அம்பு ரெஸ்டுக்கு (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) முன்னால் கால் அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் முனை ரெஸ்டைத் தாண்டிப் பின்னால் விழுந்திருக்கும். அந்த நிலையில் நாண் விடுபட்டால் அம்பு வில்லிலேயே மோதி உடையும், அல்லது வில் பிடித்த கைக்குள் இறங்கும்.

விசாரித்தபோது கதை தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு 38 பவுண்ட் வில், 25 அங்குல இழுப்பு. வில்லின் எடை என்று நாங்கள் சொல்வது அதை இழுக்கத் தேவைப்படும் விசையை. இழுப்பை நாணிலிருந்து வில்லின் பிடிவரை அளந்து, அதோடு 1.75 அங்குலம் கூட்டிச் சொல்வோம். அதனால் இழுப்பைவிட அம்பு சற்றுக் குட்டையாக இருந்தாலும் ரெஸ்டில் நிற்கும். அப்போது 26 அங்குல நீளத்தில் 700 ஸ்பைன் (விறைப்பைச் சொல்லும் எண்) அம்புகள் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அது சரியான தேர்வுதான். அப்புறம் பையன் மளமளவென்று வளர்ந்தான். இழுப்பு 27.5 அங்குலம் ஆனது, வில்லை 50 பவுண்டுக்கு ஏற்றினார்கள். அம்பு மட்டும் அதே பழைய டஜன். அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு டஜன் கார்பன் அம்பின் விலை எனக்கும் தெரியும்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்கிறது. ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் அதிகம், அவர்களிடம் கைமாறி வரும் பழைய அம்புகளும் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பைன் என்பது அம்புத்தண்டின் விறைப்பு. அதை அளப்பது எளிது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைப் படுக்க வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். 0.7 அங்குலம் தொய்ந்தால் 700. ஆக, எண் கூடக்கூட அம்பு இளகல். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "பெரிய வில், பெரிய நம்பர்" என்று வாங்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தண்டில் அச்சடித்த எண் மேசைமேல் அளந்தது. வில்லில் ஏறியபின் அம்பு எப்படி வளையும் என்பதை வேறு பல விஷயங்கள் முடிவு செய்கின்றன. வில்லின் உச்ச எடை கூடினால் அம்பு அதிகமாக வளையும். அம்பு நீளமாக இருந்தாலும், முனையில் கனமான பாயின்ட் மாட்டினாலும் அப்படித்தான். ஒரே 50 பவுண்ட் என்றாலும், முரட்டுக் கேம் (நுனிச் சக்கரம்) வைத்த வில் சாதுவான கேம் வைத்த வில்லைவிட அம்பைப் பலமாகத் தள்ளும். அதனால் அம்பு தயாரிப்பாளரின் அட்டவணையில் அம்பு தேடும்போது உச்ச எடை, அம்பின் நீளம், பாயின்டின் எடை மூன்றும் கையில் இருக்க வேண்டும். அந்தப் பையனின் அளவுகளுக்கு 500க்குப் பக்கத்தில் வந்தது. அவன் எய்துகொண்டிருந்தது 700.

இனி ரெஸ்ட். சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லில் விரல்களிலிருந்து நாண் நழுவும்போது பக்கவாட்டில் உதறும், அம்பும் பக்கவாட்டில் வளையும். காம்பவுண்டில் ரிலீஸ் எய்ட் (விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் கருவி) பிடித்து எய்கிறோம், அந்த உதறல் மிகக் குறைவு. இங்கே அம்பு பெரும்பாலும் மேலும் கீழுமாக வளைகிறது. அடியில் தாங்கி நிற்கும் ரெஸ்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பது அதனாலேயே இவ்வளவு முக்கியமாகிறது.

பிளேடு ரெஸ்டில் மெல்லிய எஃகுத் தகடு அம்பைத் தாங்கும். 0.010 அங்குலம், 0.012 அங்குலம் என்று தடிமன் வரும். லேசான, மெல்லிய அம்புக்குத் தடித்த தகடு வைத்தால் அம்பு அதன்மேல் துள்ளும். கனமான அம்புக்கு மெல்லிய தகடு வைத்தால் தகடு ஆடிக்கொண்டே இருக்கும். தகடு நாளாக ஆகக் களைத்து முறியும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் பெட்டியில் எப்போதும் இரண்டு மாற்றுத் தகடுகள் கிடக்கும்.

அம்பு கிளம்பியதும் கீழே விழும் டிராப் அவே ரெஸ்டில் சிக்கல் வேறு. ரெஸ்டை இயக்க வில்லின் கேபிளில் கட்டிய கயிறு காலப்போக்கில் தளரும், வழுக்கும். ரெஸ்ட் தாமதமாக விழுந்தால் அம்பின் இறகு அதில் அடிபடும். கண்ணுக்குத் தெரியாது. ரெஸ்டின் மேல் முகப் பவுடரைத் தூவி ஒரு அம்பு எய்து பாருங்கள், பவுடர் கலைந்த இடம் சொல்லிவிடும். இறகு உரசுவதைச் சரிசெய்யாமல் ஸ்பைன் தவறு என்று அம்பை மாற்றுவது வீண் செலவு.

அம்பைத்தான் மாற்ற வேண்டுமா என்று அறிய நான் செய்வது இது. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, அதன் வழியாக எய்யச் சொல்வேன். பின்னால் அம்பை நிறுத்தும் பேல் இருக்க வேண்டும். காகிதம் எந்தப் பக்கம் கிழிகிறது என்று பார்த்து ரெஸ்டையும் நாக் பாயின்டையும் (நாணில் அம்பு மாட்டும் இடம்) துளித்துளியாக நகர்த்துவேன். நகர்த்தியும் கிழிசல் அசையாமல் நின்றால் அம்பின்மேல் சந்தேகம் வரும். அப்போது இரண்டு லிம்ப் போல்ட்டையும் (வில்லின் வளையும் மேல், கீழ்ப் பகுதிகளைப் பிடித்திருக்கும் திருகுகள்) சமமாக ஒரு சுற்றுத் தளர்த்துவேன். எடை இரண்டு மூன்று பவுண்ட் இறங்கும். கிழிசல் சிறுத்தால் அம்பு அந்த வில்லுக்கு இளகல், பெருத்தால் விறைப்பு அதிகம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போல்ட்டைத் தளர்த்தவே கூடாது.

குறி தவறுவதோடு இது முடிந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பொருத்தத்தைவிட மிக இளகலான கார்பன் அம்பு நாண் தள்ளும் வேகத்தில் முறியலாம். முறிந்த சிம்பு கையில் ஏறினால் எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. எடையிலும் ஒரு எல்லை உண்டு. பல வில் தயாரிப்பாளர்கள் பவுண்டுக்குக் குறைந்தது 5 கிரெய்ன் கேட்கிறார்கள். 50 பவுண்ட் வில்லுக்கு முழு அம்பும் சேர்த்து 250 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம். அதைவிட லேசான அம்பு வில்லையே உடைக்கக்கூடும்.

எய்யும் முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து லேசாக வளையுங்கள், திருப்பித் திருப்பி வளையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ விரலில் கீறல் தட்டினாலோ அது இனி அம்பு இல்லை. சில இடங்களில் இப்படிப்பட்ட அம்புகளைப் "பிராக்டிஸுக்கு வெச்சுக்கோ" என்று சின்னப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புதிதாய் வந்த பிள்ளைக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது.

அந்தப் பையனின் டஜனையும் அன்று வளைத்துப் பார்த்தோம். நான்கு அம்புகள் சத்தம் கொடுத்தன. அவற்றை அவன் கையாலேயே துணியில் சுற்றி, முறித்துப் போட்டான். மீதி எட்டும் நன்றாக இருந்தன. எங்களிடம் வரும் ஒரு பாப்பாவுக்கு இப்போது 38 பவுண்ட் வில், 25 அங்குல இழுப்பு. அந்த எட்டிலும் "38 பவுண்ட் மட்டும்" என்று மார்க்கரில் எழுதி அவளிடம் கொடுத்தான்.