ஆண்டறிக்கையில் வராத கண்ணாடிக் கதவு

பல்கலைக்கழக ஆண்டறிக்கைகளை எடுத்துப் புரட்டினால் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஆராய்ச்சிக்கு ஒரு பக்கம், பசுமை வளாகத்துக்கு ஒரு பக்கம் (அதில் கட்டாயம் ஒரு மரக்கன்று), மாணவர் முன்னேற்றத்துக்கு ஒரு பக்கம், மூன்றிலும் மேலே ஏறும் அம்புக்குறி. படிக்கிறவருக்கு இவை மூன்று தனித்தனி அலுவலகங்களில் நடக்கிற வேலை என்றுதான் தோன்றும். ஆனால் ஓர் அறிவியல் கல்லூரிக்குள் போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே அறையில், பல நேரம் ஒரே மாணவியின் கையில், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்கை அறிவியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கல்லூரி என்றதும் நம் ஊர் கல்லூரி மாதிரி நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம் போன்ற துறைகளை ஒன்றாகக் கட்டிவைத்தால் அதற்குப் பெயர் கல்லூரி. இந்தக் கல்லூரியில் 2005-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களை, அதாவது திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவர்களை, நேராக உண்மையான ஆராய்ச்சியில் இறக்கிவிடுவது. மூன்று பருவங்கள் நீளும் இந்தத் திட்டத்தில் ஆளுக்கொரு ஆராய்ச்சிப் பிரிவு உண்டு. ஒருவர் வெண்குறு விண்மீன்களின் ஒளி துடிப்பதை அளப்பார், இன்னொருவர் குறிப்பிட்ட மூலக்கூறைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆர்என்ஏ துண்டுகளைத் தேடுவார். சொல்லிக்கொடுக்க முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் முழுநேரமும் கூடவே இருப்பார், போன வருடம் இதே பெஞ்சில் நின்ற சீனியர்களும் உதவிக்கு இருப்பார்கள்.

இதனால் பயன் உண்டா? மூன்று பருவங்களையும் முடித்தவர்களில் 94 சதவீதம் பேர் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களிலேயே பட்டம் வாங்கினார்கள், சேராதவர்களில் அது 71 சதவீதம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்கள் 83 சதவீதம், சேராதவர்களில் 66. ஆர்வமுள்ள பிள்ளைகள்தானே இதில் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் எப்படியும் தேறியிருப்பார்களே என்று உடனே கேட்கத் தோன்றும், கேட்கவும் வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆய்வில், பின்னணியும் பள்ளி மதிப்பெண்ணும் ஒத்துப்போகிற மாணவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்து ஒப்பிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தும் வித்தியாசம் நின்றது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இறுதி மதிப்பெண் சராசரியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை! மதிப்பெண் கூடவில்லை, ஆனால் படிப்பை விட்டு ஓடுவது குறைந்திருக்கிறது. விடை ஏற்கெனவே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிற சோதனையைச் செய்வதற்கும், விடை உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒன்றைச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது என்று நினைக்கிறேன்.

சரி, நூற்றுக்கணக்கான பேரைக் கூடுதலாக ஆய்வகத்துக்குள் விட்டாயிற்று. மாணவர் பக்கத்து அம்பு ஏறிவிட்டது. பசுமைப் பக்கத்து அம்பு என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள, ஆய்வகத்தின் நச்சுப்புகையை வெளியே இழுத்துத் தள்ளும் ஃப்யூம் ஹூட் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்திலும் ஒன்று இருந்தது, உடைந்த ஸ்டூல்களை அடுக்கிவைக்க வசதியாக. கிப்ஸ் அப்பரேட்டஸ் என்ற கண்ணாடிக் கருவியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரித்து, ஒரு உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஸால்ட் அனாலிசிஸ் செய்யும் நாட்களில் மாடிப்படி வரைக்கும் அழுகிய முட்டை நாற்றம்தான். மின்விசிறி வேலை செய்யும் ஃப்யூம் ஹூட் எப்படி இருக்கும் என்பதையே பின்னால்தான் பார்த்தேன். பார்வைக்கு ஒரு பெரிய அலமாரி, முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு. உள்ளே மேல்புறத்தில் குழாய், அது கட்டடத்தின் மொட்டைமாடி வரை போகும், அங்கே ஒரு விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கதவின் இடைவெளியில் காற்று எப்போதும் உள்நோக்கியே பாய்வதால், உள்ளே கொதிக்கும் ஆவி நம் மூக்குக்கு வராது. ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றைக் கதவின் விளிம்பில் பிடித்தால் உள்பக்கமாகச் சாய்ந்து படபடக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது.

அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் அரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கேட்க மெதுவாகத்தான் தெரிகிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு ஒன்றரை மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் திறந்திருக்கிறது என்றால் மணிக்கு ஏறத்தாழ 1200 கன மீட்டர் காற்று வெளியே போகிறது. பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையை ஒரே ஒரு ஹூட் மணிக்கு ஐந்து தடவை காலி செய்துவிடும்.

போன காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும் இல்லையா. வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, அதனால் கொஞ்ச நேரத்தில் அதன் வேலை சுலபமாகிவிடும். ஆய்வகத்தில் அது முடியாது, நச்சு ஆவி கலந்திருக்கக்கூடிய காற்றை யாரும் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ஆஸ்டினின் கோடையில், 37 டிகிரிக்கு மேல் கொதிக்கிற ஈரமான காற்றை இழுத்து, அதிலுள்ள ஈரம் வடிய 13 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, அது அதிகமாகக் குளிர்ந்துவிட்டால் மறுபடி கொஞ்சம் சூடாக்கி (ஆமாம், கோடையில் சூடாக்கி!) அறைக்குள் அனுப்புகிறார்கள். அதை ஹூட் அடுத்த சில நிமிடங்களில் மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுகிறது. மேலே சொன்ன ஒரு ஹூட்டுக்கு மட்டும் நான் போட்ட தோராயக் கணக்கில் நாலு டன் ஏசி வேண்டியிருக்கிறது, அதுவும் இருபத்துநாலு மணி நேரமும். சராசரி அமெரிக்க வீடு ஒன்று செலவழிப்பதைப் போல மூன்றரை மடங்கு ஆற்றலை ஒரு ஹூட் தின்கிறது என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் கணக்கிட்டிருப்பது அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அப்படியானால் வேலை முடிந்ததும் கதவை இறக்கிவிட்டால் போதுமே? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய வகை ஹூட்டில் விசிறி ஒரே வேகத்தில்தான் ஓடும். கதவை மூடினால் மேலே உள்ள மாற்றுவழி திறந்து அதே அளவு காற்றை அதன் வழியாக இழுத்துக்கொள்ளும். நீங்கள் ஆயிரம் தடவை மூடினாலும் மின்கட்டணம் அசையாது. புதிய வகையில் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு உணரி கவனிக்கும், அதற்கேற்பக் குழாயில் உள்ள வால்வு சுருங்கும், மாடி விசிறி வேகத்தைக் குறைக்கும். விசிறியின் கணக்கு வேறு இன்னும் இனிப்பானது: காற்றோட்டம் பாதியானால் விசிறிக்குத் தேவையான மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, இருந்தாலும் நிறையவே கிடைக்கும். ஹார்வர்டின் வேதியியல் துறை 2005-இல் ஆய்வுக்குழுக்களுக்கு இடையே கதவு மூடும் போட்டியே ஆரம்பித்தது, எந்தக் குழு ஒழுங்காக மூடுகிறது என்று அளந்து பரிசு. வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மிச்சமானது. கதவுக்கும் விசிறிக்கும் இணைப்பு இருந்ததால்தான் அது பலித்தது. இணைப்பே இல்லாத கட்டடத்தில் ‘கதவை மூடுங்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதால் பாதுகாப்பு கூடும், முகத்துக்கும் குடுவைக்கும் நடுவே கண்ணாடி இருக்குமே. மின்சாரம் மிச்சமாகாது.

அடுத்தது ஃப்ரீசர். ஆய்வகத்தில் அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், ‘மைனஸ் எண்பது’ என்றால் போதும். டிஎன்ஏ, புரதம், செல்கள் எல்லாம் குட்டி ட்யூப்களில், பெட்டி பெட்டியாக அதில்தான் தூங்கும். சாதாரண ஃப்ரிட்ஜின் ஒற்றை கம்ப்ரசரால் அவ்வளவு தாழ்வான வெப்பநிலையை எட்ட முடியாது. அதனால் இரண்டு குளிர்விக்கும் சுற்றுகளைத் தோளோடு தோள் வைத்த மாதிரி அமைத்திருப்பார்கள், முதல் சுற்றின் குளிர்ந்த பக்கம் இரண்டாவது சுற்றின் சூடான பக்கத்தை ஆற்றும். பழைய இயந்திரம் என்றால் ஒரு நாளைக்கு 20 யூனிட் சர்வசாதாரணம். நம் ஊர் வீட்டு பில் போல இரண்டு மாதத்துக்குக் கூட்டினால் 1200 யூனிட். இழுத்த மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியேறும், அதைத் தணிக்க ஏசி தனியாக உழைக்கும்.

அந்த எண்பதில் மந்திரம் ஏதும் இல்லை. மைனஸ் 70-இல் வைத்தாலும் பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றும் ஆகாது, மின்சாரம் மட்டும் 30 முதல் 40 சதவீதம் வரை குறையும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி, எந்த மாதிரியை மைனஸ் 70-இல் எத்தனை காலம் வைத்துப் பார்த்தோம் என்று ஆய்வகங்களிடமிருந்து பட்டியலே திரட்டி வைத்திருக்கிறது. பத்து டிகிரி பட்டனை அழுத்தத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. பத்து வருட உழைப்பு உள்ளே இருக்கும்போது, அந்தப் பயமும் நியாயம்தான்.

பிளாஸ்டிக் பற்றி ஒரே ஒரு எண்: இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் 280 உயிரியல் ஆய்வாளர்கள் 2014-இல் ஒரே வருடத்தில் போட்ட பிளாஸ்டிக் குப்பை ஏறத்தாழ 267 டன். ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். புதிதாக வரும் ஒவ்வொரு முதலாண்டு மாணவரும் பிப்பெட் டிப்பைக் கழற்றிப் போடும்போது அந்தக் குவியலில் இன்னும் கொஞ்சம் சேர்கிறது.

ஆராய்ச்சிப் பக்கத்துக்கு வந்தால் வேறொரு கோளாறு, அது ‘ஆண்டு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. டெக்சாஸின் இதே கல்லூரியில் ஜேசன் மெக்லெல்லனின் குழு கொரோனா வைரஸின் முள் புரதத்தின் வடிவத்தை 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. வைரஸின் மரபணு வரிசை வெளியானதே அந்த ஜனவரி 10-இல்தான்! அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர்களில் ஒன்று டேனியல் ராப், அப்போது அவர் ஆய்வு மாணவர். அத்தனை வேகம் எப்படி வந்தது? அந்தப் புரதம் ஒரு எலிப்பொறி மாதிரி, செல்லைத் தொட்டதும் சடாரென்று வடிவம் மாறிவிடும். மாறுவதற்கு முந்தைய வடிவத்தைக் காட்டினால்தான் நம் உடல் சரியான எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதனால் திரும்பும் இடத்தில், வளைந்து கொடுக்காத புரோலின் என்ற அமினோ அமிலத்தை இரண்டு இடங்களில் செருகி, பொறி வெடிக்காமல் பூட்டிவிட்டார்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் இரண்டிலும் அந்தப் பூட்டு இருக்கிறது. ஆனால் அந்த யோசனை மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸை வைத்துச் செய்யப்பட்டு 2017-இல் வெளியானது, மெக்லெல்லன் அப்போது டார்ட்மத் என்ற வேறொரு கல்லூரியில் இருந்தார். டெக்சாஸுக்கு வந்தது 2018-இல். இந்த வெற்றியை எந்தக் கல்லூரியின், எந்த ஆண்டின் அறிக்கையில் எழுதுவது? 2017-இல் மெர்ஸ் புரதத்தைப் பூட்டியவர்களுக்கு அது மூன்று வருடம் கழித்து யாருக்குத் தேவைப்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும் நாளில் எல்லாரும் தயங்குவதும் இதனால்தான். கையுறை போட்டுக்கொண்டு, பனி படிந்த ஒரு பெட்டியை வெளியே எடுத்தால், உள்ளே நாற்பது ஐம்பது ட்யூப்கள், படித்து முடித்துப் போன யாரோ மார்க்கரால் எழுதிய ‘கே3 புதுசு’, ‘கே3 ரொம்பப் புதுசு’ என்ற கிறுக்கல், தேதி கிடையாது. எறிவதா, வைப்பதா? பேராசிரியரிடம் கேட்டால் ‘இருக்கட்டுமே’ என்பார். பெட்டி மறுபடி உள்ளே போகும், இடம் போதாமல் அடுத்த வருடம் இன்னொரு ஃப்ரீசர் வாங்குவார்கள். அதனால் சில ஆய்வகங்களில் இப்போது புது மாணவருக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது சோதனையைக்கூட அல்ல. ட்யூப்பில் பெயர், தேதி, உள்ளே என்ன, எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்பதைக் கணினி அட்டவணையில் ஏற்றிவிட்டு, ஃப்ரீசர் கதவை அரை நிமிடத்துக்குள் சாத்துவது.