கிப்லி என்றால் கச்சான்

போன ஆடி மாதம் மட்டக்களப்புக் கல்லடியில் என் மேசை மேல் ஒரு கடதாசி விமானம் அரைகுறையாக நின்றது. இரட்டை எஞ்சின், முன்னுக்குக் கண்ணாடி மூக்கு. இறக்கையின் விளிம்பில் பசை தடவி, மேல் தாளைச் சரிபார்த்து வைப்பதற்குள் பசை காய்ந்துவிடும். தாள் அப்பளம் மாதிரி வளையும். ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பாகிறது; திறந்தால் வெட்டி வைத்த சில்லறைத் துண்டுகள் கட்டிலுக்கடியில். வெளியே கச்சான், எங்கள் ஊரின் வறண்ட மேற்குக் காற்று, அடித்துக்கொண்டிருந்தது.

காத்தான்குடியிலிருந்து வந்திருந்த என் கூட்டாளி, தாளின் மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான். "கிப்லி... இதென்ன மச்சான், கிப்லாவா?"

நான் சிரித்தேன். மறுகா தேடிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

கிப்லி என்றதும் அனிமே பார்ப்பவர்களுக்கு நினைவு வருவது ஜப்பானின் அந்தப் படக்கூடம். ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹதா, தொஷியோ சுசுகி மூவரும் சேர்ந்து 1985இல் தொடங்கியது. பெயர் வைத்தவர் மியாசாகி. அவருக்கு விமானப் பைத்தியம். அது வீட்டிலேயே ஒட்டிக்கொண்டது. யுத்தக் காலத்தில் அவருடைய குடும்பத்தாரின் தொழிற்சாலை ஜப்பானின் ஸீரோ போர் விமானங்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்தது. (எங்கள் கரையில் ஜப்பான் விமானம் என்றால் வயதானவர்களுக்கு நினைவு வருவது வேறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுவீச்சில் மூழ்கிய ஹெர்மெஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில்தான் கிடக்கிறது.)

மியாசாகி அந்தப் பெயரை எடுத்தது ஒரு விமானத்திலிருந்து. என் மேசையில் நின்ற அதே விமானம்: இத்தாலியின் கப்ரோனி நிறுவனம் செய்த 309 வகை. முதலில் பறந்தது 1936இல். அப்போது இத்தாலியின் கையிலிருந்த லிபியாவில், பாலைவனத்துக்கு மேலாக வேவு பார்க்கப் பறந்தது. பாலைவன விமானத்துக்குப் பாலைவனக் காற்றின் பெயரையே வைத்தார்கள். ஜப்பானிய அனிமே உலகத்துக்குள் ஒரு புதுச் சூட்டுக்காற்றை அடிக்க விடலாம் என்று மியாசாகியும் அதையே எடுத்துக்கொண்டார். 1960களில் மசராட்டி நிறுவனம் ஒரு காருக்கும் இதே பெயரை வைத்தது.

உச்சரிப்பில் ஒரு கோளாறு உண்டு. இத்தாலிய எழுத்துக் கணக்குப்படி அது 'கிப்லி'. ஜப்பானில் அது 'ஜிபுரி' ஆகிப் பதிந்துவிட்டது. அதனால் படக்கூடத்தை 'ஜிப்லி' என்று எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்களின் பெயர், அவர்கள் சொல்கிற மாதிரியே இருக்கட்டும். விமானத்துக்கும் காற்றுக்கும் 'கிப்லி'.

இத்தாலியர்களும் சொல்லைக் கடன்தான் வாங்கினார்கள். மூலம் அரபு. தொழுகையில் முகம் வைக்கும் திசை கிப்லா. 'எதிர்கொள்ளுதல்' என்ற பொருள் உள்ள வேர். கிப்லாப் பக்கத்திலிருந்து வருவது கிப்லி. மக்காவுக்கு வடக்கே இருந்த சிரியா போன்ற நாடுகளில் கிப்லா தெற்கே விழும். அப்படியே 'கிப்லி' என்றால் தெற்கத்தியது என்றாகிவிட்டது. எகிப்திலும் தெற்கை அப்படிச் சொல்வதுண்டு. லிபியாவில் நின்று பார்த்தால் மக்கா கிழக்குப் பக்கம்தான் கூடச் சாய்கிறது. ஆனாலும் சொல் தெற்கை விட்டு நகரவில்லை. சஹாராவிலிருந்து, அதாவது தெற்கிலிருந்து, தூசியோடு கடலை நோக்கி அடிக்கும் வறண்ட அனல் காற்றே அங்கே கிப்லி.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ நின்று தொழுகிறவர் முகம் வைப்பது எந்தப் பக்கம்? மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து. ஆனி, ஆடியில் எங்களை வறுக்கும் காற்று வருவது எந்தப் பக்கத்திலிருந்து? அதே மேற்கு. வாவிக்கு அப்பால், வயல்களைத் தாண்டி, படுவான்கரையிலிருந்து. அந்த அரபுச் சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்து எழுத்துக்கு எழுத்துப் பொருள் பார்த்தால், லிபியாவின் காற்றை விடக் கச்சானுக்கே அது நன்றாகப் பொருந்துகிறது. கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்மட காத்துக்குத்தான் அவனுகள் பேர் வச்சிருக்கானுகள்" என்றான். அவ்வளவுக்கு நான் போகமாட்டேன்.

ஏனென்றால் இரண்டும் சூடாகும் விதம் வேறு. கிப்லி பாலைவனத்தில் கிடந்து சூடேறிய காற்று. மத்தியதரைக் கடல் வழியாகத் தாழமுக்கம் ஒன்று நகரும்போது அது வடக்கே இழுபட்டு வருகிறது. கச்சான் மலையிறங்கிச் சூடேறுவது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டில் ஏறுகிறது. மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் போன வறண்ட காற்று கிழக்கே இறங்கும்போது, ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடு கூடும். நுவரெலியாவில் குடை பிடிக்கிறார்களே, அதே காற்றுத்தான் இங்கே வந்து என் பசையைக் காயவைக்கிறது. கடற்காற்றையே தள்ளிவிட்டு வெப்பத்தை 38 பாகை வரை கொண்டுபோய்விடும். ஆங்கில வானிலை அகராதிகளில் 'கச்சான்' என்ற பெயரோடேயே, மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரும் சேர்ந்து இது ஏறியிருக்கிறது.

அப்புறம், தமிழ்ச் சொல் எது? 'பாலைவன வெப்பக்காற்று' என்று பெயர்ப்பது பொருளைச் சொல்லும். ஆனால் அது விளக்கம், பெயர் இல்லை. காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைப்பது தமிழிலும் பழைய வழக்கம்: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. கோடை பருவத்தின் பெயர் மட்டுமில்லை. அகநானூற்றில் கபிலர், வண்டு துளைத்த மூங்கிலுக்குள் நுழைந்து குழலூதும் காற்றைக் கோடை என்றே சொல்கிறார். ஏட்டுத் தமிழ் வேண்டுமென்றால் அதை எடுக்கலாம். ஆனால் இன்று கோடை என்றால் வெயில் காலம்தான் மனதில் வரும், காற்று வராது. 'தெற்கிலிருந்து வருவது தென்றல்தானே' என்று லிபியாக் காற்றுக்குத் தென்றல் என்று எழுதினால் லிபியாக்காரனே மன்னிக்கமாட்டான்.

என் தெரிவு கச்சான். திசைப்பெயர், நிலத்துப் பக்கமிருந்து வருவது, வறண்டது, அனல், உதட்டை வெடிக்க வைப்பது. ஐந்தும் அதிலேயே இருக்கிறது. 'லிபியாவின் கச்சான்' என்று எழுதினால் கிழக்கில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஒரேயொரு இடைஞ்சல், இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் கச்சான் காற்றுக்குள் நின்று கச்சான் தின்கிற ஊரில் இது யாரையும் குழப்பியதில்லை என்று நினைத்திருந்தேன்.

விமானம் ஒருவழியாக முடிந்தது. இடது இறக்கை கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. நிறுத்திவைக்கும் கட்டையில் 'கச்சான், 1936' என்று தமிழில் எழுதி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அக்காவின் மகள் வந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். விமானத்தைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"மாமா, இதுக்குள்ள ஒண்டுமில்லையே!"