அசல் உரிமம் பயாஸுக்குள் இருக்கிறது

சென்ற மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மஞ்சள் பையில் மடிக்கணினியோடு எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். பேத்தியின் கல்லூரிப் படிப்புக்காக 18,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கணினி. “ஒரிஜினல் விண்டோஸ் ப்ரோ போட்டுத்தான் கொடுத்தார்கள் தம்பி. ஆனால் விசிறி ஓயாமல் இரைகிறது” என்றார்.

விசிறியைக் கழற்றுவதற்கு முன் நான் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில், எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் எக்ஸ்பிஆரும் சேர்த்து என்டர் தட்டுவேன். உரிமத்துக்குக் கெடு உண்டா என்று கணினியே சொல்லிவிடும். ஐந்து மாதத்தில் ஆக்டிவேஷன், அதாவது உரிம அங்கீகாரம், காலாவதியாகும் என்று பதில் வந்தது. வீட்டுக் கணினிக்கு முறையாக வாங்கிய உரிமத்துக்குக் கெடு தேதி கிடையாது.

இந்தக் கெடு எங்கிருந்து வருகிறது? பெரிய அலுவலகங்களுக்காக மைக்ரோசாஃப்ட் கேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். அதுவும் ஒரு தடவைக்கு 180 நாள்தான். அந்த சர்வரைப் போல நடிக்கும் ஒன்றைத்தான், திருட்டு விண்டோஸை ஓட வைக்கும் கிராக் மென்பொருள் கணினிக்குள் நுழைத்துவிடுகிறது. ஆசிரியர் வீட்டில் ஏது 25 கணினி! எல்லாக் கிராக்கும் இப்படி மாட்டிக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘நிரந்தரம்’ என்று பதில் வரவைக்கும் தந்திரங்களும் உண்டு.

அடுத்துப் பார்த்ததுதான் எனக்குக் கவலை தந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. உள்ளே போய், எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று குறிக்கும் விலக்குப் பட்டியலைத் திறந்தால், சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. கிராக் ஓடுவதற்கு ஆன்டிவைரஸ் குறுக்கே வரக் கூடாதல்லவா? காவலாளியை வாசலில் நிற்க வைத்து, கண்ணை மட்டும் கட்டிவிட்டிருக்கிறார்கள். அப்டேட்டையும் முடக்கியிருந்தார்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை உலகையே உலுக்கியதே, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். பேத்தி இந்தக் கணினியில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறாள்.

சட்டம் வேறு இருக்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். தொழிலுக்குப் பயன்படுத்தாதவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

இனி வேடிக்கைக்கு வருகிறேன். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் உரிம எண்ணை நிறுவனமே மதர்போர்டில் உள்ள பயாஸில், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில், பதித்துவிடுகிறது. வன்தட்டை மாற்றினாலும், ஃபார்மட் செய்தாலும் அது போகாது. ஆசிரியரின் கணினியிலும் அசல் ஹோம் பதிப்புக்கான எண் பத்திரமாக இருந்தது. விற்றவர் அதைத் தேடிப் பார்க்காமல், திருட்டு ப்ரோவை அதன் தலையில் ஏற்றியிருக்கிறார்! பெட்டிக்குள் சாவி இருக்கும்போதே பூட்டை உடைத்த கதை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் 11ஐயே போட முடிவு செய்தேன். எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் தகுதி இருந்தது. பயாஸில் அணைந்து கிடந்த, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை மட்டும் இயக்க வேண்டியிருந்தது. படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்தேன். நிறுவும் கோப்புகள் ஒன்றையும் எடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி, பழைய பார்டிஷன்கள் அத்தனையையும் அழித்துவிட்டு நிறுவினேன். எந்தப் பதிப்பு என்று அது கேட்கவே இல்லை. இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. செலவு பூஜ்யம். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றும்படி பேத்திக்கு அன்றே சொல்லியனுப்பினேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதிந்த உரிமம் இல்லாத கணினி வந்தால் என் பரிந்துரை, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். ஆனால் டேலியில் கணக்கு எழுதுபவருக்கும், பழைய பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கர் கோப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் டிடிபிகாரருக்கும் நான் லினக்ஸ் சொல்வதில்லை. அவர்கள் விண்டோஸை விலை கொடுத்து வாங்குவதே சரி. இணையத்தில் 400, 500 ரூபாய்க்கு விற்கும் உரிம எண்களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தவையாக இருக்கும்.

கணினியைத் திரும்ப எடுத்துப்போக வந்த ஆசிரியர், திரையில் ‘ஹோம்’ என்பதைப் பார்த்து முகம் வாடினார். “ப்ரோவைக் குறைத்துவிட்டீர்களே தம்பி?”

“சார், அது உங்களுடையதாக இருந்ததே இல்லை. இது உங்களுடையது.”

சற்று யோசித்துவிட்டு, காதை விசிறியின் பக்கம் வைத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. கிராக்கை நீக்கிய அன்றே தூசியையும் தட்டியிருந்தேன். ரசீதில் தூசிக்கு மட்டும் 300 ரூபாய் போட்டேன்.