91 வெற்றிகளை எவ்வளவு நம்பலாம்?

கடலூரில் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மாலையில் சில்வர் பீச் பக்கம்கூடப் போக முடியாது. அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். நானும் நண்பர்களும் ஆளுக்கோர் அணி வைத்துக் கணினியில் நடத்தும் பேஸ்பால் லீகுக்கும் இதுவே கணக்குப் பார்க்கும் காலம். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, இருக்கிற பணத்தை எதில் போடுவது என்று தினமும் பேச்சு ஓடும். இந்த ஆண்டு என் அணி 162 ஆட்டங்களில் 91 வென்று 71 தோற்றது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிற, எங்களில் மூத்த அண்ணன் போன் செய்தார். "நல்லா ஓடுற வண்டியை எதுக்குத் தம்பி பிரிக்குற? அப்படியே விடு" என்றார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த 91-க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டேன்.

முதலில், கணினி எப்படி ஆடுகிறது? இந்த விளையாட்டுகளின் மூத்த வடிவங்களில் ஒன்று, ஹால் ரிச்மன் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, கூடவே மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்தெறியும் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். தாயம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 0, 1, 2, 3 என்று புள்ளி வைத்த இரண்டு பித்தளைக் கட்டைகள் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில், மூன்று விழுவது நான்கு விதத்தில். எல்லா எண்ணும் ஒரே அளவில் விழாது என்பதை வைத்துத்தான் அந்த அட்டைகளும் எழுதப்பட்டன. நல்ல பேட்டரின் அட்டையில் அடிக்கடி விழும் எண்களுக்கு நேராக ஹிட் (அவுட் ஆகாமல் ஓட விடும் அடி) இருக்கும்.

கணினி பகடைக்குப் பதிலாக விகிதங்களைப் பெருக்குகிறது. ஒரு பேட்டர் 100 முறை மட்டை பிடித்தால் 36 முறை பேஸை (ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள நிறுத்தத்தை) அடைபவர் என்று வைப்போம். எதிரே இருக்கும் பிட்சர் 29 முறைதான் விடுபவர். லீகின் சராசரி 32. மூன்றையும் "நடக்கும், நடக்காது" விகிதமாக மாற்ற வேண்டும்: 36-க்கு 64, 29-க்கு 71, 32-க்கு 68. முதல் இரண்டைப் பெருக்கி மூன்றாவதால் வகுத்து மறுபடி சதவீதமாக்கினால் ஏறக்குறைய 33 வரும். கணினி 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுக்கும்; அது 0.33-க்குக் கீழே இருந்தால் பேட்டர் பேஸில், இல்லையென்றால் அவுட். ஓர் ஆட்டத்தில் எழுபது, எண்பது முறை இது நடக்கும்.

அதாவது, வீரரின் திறமை ஒன்று, சீசன் முடிவில் அவர் பெயருக்கு நேரே நிற்கும் எண் வேறு. முதலாவது கட்டையின் புள்ளிகள். இரண்டாவது, அன்று விழுந்தது. நிஜ பேஸ்பாலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம். கணினியில் நடத்தும் ஆட்டத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, என்னை இந்த விளையாட்டில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். சேமித்து வைத்த கோப்பை நகலெடுத்து, அதே வீரர்களோடு அதே சீசனை மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம்.

நான் நூறு முறை ஓட்டினேன். இரண்டு இரவு ஆனது, நடுவில் மின்சாரம் வேறு போய் வந்தது. என் அணி சராசரியாக 82 ஆட்டங்களை வென்றது. மிகக் குறைவாக 65, மிக அதிகமாக 97. அணி அதே அணிதான். 91 அல்லது அதற்கு மேல் வந்தது ஒன்பது முறை மட்டும். கணிதமும் இதையே சொல்கிறது. நாணயத்தைச் சுண்டுவது போல் சரிக்குச் சரியான ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடினால், வெற்றிகள் 81-ஐச் சுற்றி ஆறு கூடவும் குறையவும் வருவது சாதாரணம்.

நூறு முறை ஓட்ட முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்கப் புள்ளியியல் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கண்டது அது: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்கள், கொடுத்த ரன்கள் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டியதால் வகுத்தால், வெற்றி விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். என் அணி எடுத்தது 702, கொடுத்தது 689. கணக்குப்படி 82 அல்லது 83 வெற்றி. மீதி எட்டு, ஒன்பது வெற்றிகள் எங்கிருந்து வந்தன? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த 46 ஆட்டங்களில் நாங்கள் 31 வென்றிருந்தோம். மற்ற ஆட்டங்களில் 60 வெற்றி, 56 தோல்வி, அவ்வளவுதான்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நெருக்கடியில ஜெயிக்கறதும் ஒரு திறமைதானே?" என்றார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிஜ பேஸ்பாலைப் பாருங்கள்: 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஒரு ரன் ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றது. மொத்தம் 93 வெற்றி. மறுஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்த வெற்றி 85-க்கு இறங்கியது. நெருக்கடித் திறமை ஒன்று இருந்திருந்தால் ஓராண்டில் இப்படி ஆவியாகியிருக்காது.

ரன்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. மட்டையில் பட்ட பந்து எல்லை தாண்டி ஹோம் ரன் ஆகாமல் களத்துக்குள் போனால், ஏறக்குறைய பத்தில் மூன்று முறை (0.300) ஹிட் ஆகும். பேஸ்பால் ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-இல் ஒரு விஷயத்தை எழுதியபோது பலர் நம்பவே இல்லை: அந்தப் பந்து ஹிட் ஆவதா அவுட் ஆவதா என்பதில் பிட்சர்களுக்கு இடையிலான வேறுபாடு மிகக் குறைவு. ஸ்டிரைக் அவுட் (பேட்டரை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது), வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகப் பேஸ் கிடைப்பது), ஹோம் ரன், இவைதான் பெரும்பாலும் பிட்சரின் கையில் உள்ளவை. மற்றதில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு. பேட்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடி உண்டு. வேகமாக ஓடுபவர் அந்த 0.300-க்கு மேலே நிலையாக நிற்கலாம்.

என் அணியின் நட்சத்திரம் 34 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்). அவருடைய வழக்கமான அளவு 0.308. இந்த ஆண்டு 0.372. களத்துக்குள் போன 450 பந்துகளில் 29 ஹிட்கள் கூடுதல். ஓர் அவுட் ஹிட்டாக மாறினால் சராசரியாக முக்கால் ரன், ஆக ஏறக்குறைய 22 ரன்கள். பத்து ரன்களுக்கு ஒரு வெற்றி என்பது பேஸ்பாலில் புழங்கும் கணக்கு. எனவே இரண்டு வெற்றிகள் அவர் ஒருவரின் நல்ல நேரத்தில் வந்தவை. எதிர்ப்பக்கத்தில், எல்லோரும் திட்டிய 25 வயது பிட்சர் ஒருவர் இருக்கிறார். ஸ்டிரைக் அவுட் அதிகம், வாக் குறைவு; களத்துக்குள் போன பந்துகளில் மட்டும் 0.335. அது அவர் குறையல்ல. அவரை விடச் சொல்லி மூன்று பேர் சொன்னார்கள். விடமாட்டேன்.

வயதும் கணக்கில் சேர வேண்டும். பேட்டர்கள் பொதுவாக 26 முதல் 28-க்குள் உச்சத்தில் இருப்பார்கள். முப்பதைத் தாண்டினால் ஓட்டமும் ஃபீல்டிங்கும் முதலில் குறையும். பந்தைக் கணித்து வாக் எடுக்கும் பொறுமை நீண்ட நாள் நிற்கும். ஷார்ட்ஸ்டாப் என்பது ஓட்டமும் ஃபீல்டிங்கும் நம்பி நிற்கிற இடம். 35 வயதில் அவர் இதைவிடச் சிறப்பார் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. லீகில் மற்றவர்கள் கண்ணுக்கு அவர் விலை உச்சத்தில் இருப்பது இந்த மழைக்காலத்தில்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று வைத்தவர்கள் சில ஆண்டுகள் காத்திருந்துதான் காய் பார்த்தார்கள். இளம் வீரர்களும் அப்படித்தான்: இன்று வாங்கிய 20 வயதுப் பையன் அடுத்த சித்திரைக்குள் ரன் கொடுக்கமாட்டான். அதனால் முழு அணியையும் கலைத்துக் கன்று நடும் எண்ணம் எனக்கு இல்லை. 82 வெற்றி பெறும் அணிக்கு அது தேவையும் இல்லை.

ஷார்ட்ஸ்டாப்பை விற்கிறேன். பதிலுக்கு, நன்றாக ஃபீல்டிங் செய்யும் 24 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவரும், 21 வயது பிட்சர் ஒருவரும் கேட்டிருக்கிறேன். மிச்சமாகும் சம்பளத்தில் இடது கை பேட்டர் ஒருவர். மாற்றங்களைப் போட்டு அடுத்த சீசனை மறுபடி நூறு முறை ஓட்டிப் பார்த்ததில் சராசரி 85 வந்தது. அண்ணனிடம் அதைச் சொன்னேன். "91-லேர்ந்து 85-க்கு இறங்கறதுக்கா இவ்வளவு வேலை?" என்றார். 82-லிருந்து 85-க்கு ஏறுகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு என்ன விலை எதிர்பார்க்கிறேன் என்று கேட்டார்.