30 மில்லிகிராம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் சட்டம் என்ன செய்யும்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு இதைச் சொல்கிறது. நிதானமாகத்தான் இருந்தேன், வீடு அடுத்த தெருதான் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஒரே அளவு.

அந்த 30 மிக எளிதில் வந்துவிடும். 42.8 சதவீத பிராந்தி அல்லது விஸ்கி ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில், சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் குடித்தால் அளவு 40-ஐ ஒட்டிப் போய்விடும். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று 50-ஐத் தொடும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும்.

அதிகம் கவலைப்பட வேண்டியது மறுநாள் காலையைப் பற்றித்தான். நள்ளிரவுக்குள் ஒரு குவார்ட்டரை முடித்தவருக்கு அளவு 120 வரைகூடப் போகலாம். உடல் அதை மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். காலை 6 மணிக்குக் குளித்து, காபி குடித்து, தெளிவாகக் கிளம்புகிறவரும் 30-க்கு அருகிலோ மேலேயோ இருக்கக்கூடும். தூக்கமோ மோரோ இதை வேகப்படுத்தாது. பாக்கும் ஏலக்காயும் வாசனையைத்தான் மறைக்கும். காவலர் ஊதச் சொல்லும் கருவி அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் உள்ள காவலர் ஊதச் சொல்லலாம். கடைசி மடக்கு குடித்தோ, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் வாய் கொப்பளித்தோ சில நிமிடங்களே ஆகியிருந்தால், வாயில் தங்கியதும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும். அதைச் சொல்லி, 15 நிமிடம் கழித்து ஊதுவதாகக் கேளுங்கள். புதிய ஊதுகுழல் கேளுங்கள். திரையில் வரும் எண்ணையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட சீட்டு தந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஊத மறுத்துத் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். வாரண்ட் இல்லாமலே கைது செய்து, காவல் நிலையத்தில் ரத்த மாதிரி கேட்கலாம். தகுந்த காரணமின்றி மறுத்தால், 205-வது பிரிவின்படி அந்த மறுப்பே வழக்கில் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். 185-வது பிரிவின் கீழ் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால், இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும்.

முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் தொகை. சாலையிலேயே சமரசமாகக் கட்டி முடிக்கும் குற்றங்களின் பட்டியலில் இது இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினாலும் அது தண்டனைதான். 20-வது பிரிவுப்படி குறைந்தது 6 மாதம் ஓட்டும் தகுதியை நீதிமன்றம் பறிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம்.

உடன் வருகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குடித்தவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்வது 188-வது பிரிவின்படி உடந்தை, தண்டனையும் அதேதான். விபத்து நடந்தால், போதையில் ஓட்டியதைக் காட்டி உங்கள் வண்டிச் சேதத்துக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

கிளம்பும் முன்பே ஆக்டிங் டிரைவரையோ, அன்று ஒரு சொட்டும் தொடாத நண்பரையோ உறுதி செய்யுங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். வண்டி கையில் இருந்தால், திரும்பும் நேரத்தில் அதை விட்டுவர மனம் வராது.