‘சொல் மீளெழுதல்’ வேண்டாம், ‘கோவை மாற்றியெழுதல்’ போதும்

கணினியியலில் வரும் ‘டெர்ம் ரீரைட்டிங்’ என்ற தொடரைத் தமிழாக்குபவர்கள் ‘சொல் மீளெழுதல்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் ‘கலைச்சொல் மறுஎழுத்து’ என்கிறார்கள். இதைப் படிப்பவருக்கு ஏதோ அகராதி திருத்தும் வேலை என்றுதான் தோன்றும். தொடரில் இருப்பது இரண்டே சொல். இரண்டும் தவறாகப் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசம்.

பொருள் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சில கணினி மொழிகளில் நிரல் என்பது விதிகளின் தொகுப்பு மட்டுமே. ஒவ்வொரு விதிக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் உண்டு. கொடுத்த கோவையில் இடப்பக்கத்தைப் போன்ற பகுதி எங்கே இருந்தாலும், அதை எடுத்துவிட்டு வலப்பக்கத்தை வைக்கலாம். இனி எந்த விதியும் பொருந்தாது என்ற நிலை வந்ததும் கணக்கு முடிந்தது. கையில் நிற்பதே விடை. அடுத்த(ந) என்பது ந என்ற எண்ணுக்கு அடுத்த எண், அதாவது அடுத்த(0) என்றால் 1 என்று வைத்துக்கொண்டால், கூட்டலை இப்படி எழுதலாம்:

கூட்டு(0, ம) → ம
கூட்டு(அடுத்த(ந), ம) → அடுத்த(கூட்டு(ந, ம))

இரண்டையும் ஒன்றையும் கூட்டக் கொடுத்தால்:

கூட்டு(அடுத்த(அடுத்த(0)), அடுத்த(0))
→ அடுத்த(கூட்டு(அடுத்த(0), அடுத்த(0)))
→ அடுத்த(அடுத்த(கூட்டு(0, அடுத்த(0))))
→ அடுத்த(அடுத்த(அடுத்த(0)))

மூன்று படிகளில் மூன்று வந்துவிட்டது. விதி எழுதும்போது இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இடப்பக்கம் வெறும் மாறியாக இருக்கக்கூடாது. இருந்தால் எதற்கும் பொருந்திக்கொண்டே போகும். இடப்பக்கத்தில் இல்லாத மாறி வலப்பக்கத்தில் தலைகாட்டக்கூடாது. காட்டினால் அதற்கு மதிப்பு எங்கிருந்தும் கிடைக்காது.

இனி வேர். லத்தீனில் ‘டெர்மினுஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல். அரிஸ்டாட்டில் தருக்கத்தில் எழுவாயையும் பயனிலையையும் கூற்றின் இரு எல்லைகளாகக் கண்டு ‘ஹோரோஸ்’ என்றார். அதை லத்தீனில் ‘டெர்மினுஸ்’ என்று பெயர்த்தார் ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸ். அங்கிருந்து ஒரு கிளை ‘வரையறுத்த பொருளுடைய சொல்’ என்று பிரிந்தது. நம் ‘கலைச்சொல்’ அந்தக் கிளை. இன்னொன்று கால எல்லையாகிப் பள்ளித் தவணையில் முடிந்தது. மூன்றாவது இயற்கணிதத்துக்கும் அங்கிருந்து தற்காலத் தருக்கவியலுக்கும் போனது. நமக்கு வேண்டியது மூன்றாவது கிளை. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் கிளையின் காயைப் பறித்துவிட்டார், அவ்வளவுதான்.

‘சொல்’ இங்கே பொருந்தவில்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. இந்தத் துறைக்குள்ளேயே அது வேறொரு வேலைக்குத் தேவைப்படுகிறது. நார்வேக் கணிதர் ஆக்செல் தூ 1914இல் எழுத்துச் சரங்களை விதிப்படி மாற்றிக்கொண்டே போகும் முறைகளை ஆராய்ந்தார். அங்கே எழுத்துச் சரத்துக்குப் பெயரே ‘சொல்’தான். இரண்டு சொற்கள் விதிகளின்படி ஒன்றா என்று கேட்பது ‘சொற்சிக்கல்’. எல்லா நேர்வுக்கும் விடை சொல்லக்கூடிய செய்முறை அதற்குக் கிடையாது என்று கணிதர்கள் எமில் போஸ்ட்டும் மார்க்கோவும் 1947இல் தனித்தனியே நிறுவினார்கள். ஆக, சரங்களை மாற்றுவதுதான் நியாயமான ‘சொல் மாற்றியெழுதல்’. சரத்துக்கு உள்ளமைப்பு இல்லை. எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. மேலே நாம் மாற்றியதோ அடுக்குக்குள் அடுக்காக உள்ள அமைப்பு. இரண்டையும் ‘சொல்’ என்றால், இரண்டையும் பிரித்துக் காட்டும் பாடநூலின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

பள்ளிக் கணக்கை மறக்காதவர்கள் ‘உறுப்பு’ என்பார்கள். இவர்களிடம் நியாயம் இருக்கிறது. பல்லுறுப்புக் கோவையின் உறுப்பு, தொடர்வரிசையின் உறுப்பு என்று பாடநூல் சொல்வது இதே ‘டெர்ம்’தான். ஆனால் 3ய + 5 என்பதில் பள்ளிக்கணக்குக்கு இரண்டு உறுப்புகள். மாற்றியெழுதும் துறைக்கோ 3ய + 5 முழுவதும் ஒரே ‘டெர்ம்’. உறுப்பு என்றாலே எதனுடைய உறுப்பு என்று கேட்கத் தோன்றும். இங்கே அது முழுமையின் பெயர். தவிர, ‘உறுப்பு மாற்றியெழுதல்’ என்று தலைப்பிட்டால் கட்டுரை சிறுநீரகவியலுக்குப் போய்விடும்.

தருக்கவியலின் வரையறையை வைத்துப் பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கிறது. மாறி தனியே நின்றாலும் அது கோவை. மாறிலியும் கோவை. இத்தனை உள்ளீடு வேண்டும் என்று கேட்கும் ‘கூட்டு’ போன்ற குறிக்குள் அத்தனை கோவைகளை இட்டால் வருவதும் கோவை. வேறெதுவும் கோவை அல்ல. கோத்தது கோவை. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘இயற்கணிதக் கோவை’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘அட்சரகணிதக் கோவை’ என்கிறது. முன்னொட்டில் ஒத்துப்போகாத இரு கரைகளும் பின்பாதியில் ஒத்துப்போகின்றன. இத்தகைய வாய்ப்பு கலைச்சொல்லாக்கத்தில் அபூர்வம். உள்ளே இருக்கும் பகுதியை ‘உட்கோவை’ என்று சொல்லிவிடலாம். ‘உள்உறுப்பு’, ‘உபசொல்’ போன்ற விபரீதங்கள் தேவையில்லை.

ஒரு தடை சொல்லலாம்: ‘எக்ஸ்பிரஷன்’ என்பதற்கும் கோவைதானே, இரண்டும் ஒன்றாகிவிடாதா? இந்தத் துறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தருக்கவியல் ‘டெர்ம்’ என்று தனித்துச் சொல்வது வாய்பாட்டிலிருந்து (‘ஃபார்முலா’) பிரித்துக் காட்டத்தான்: கோவை ஒரு பொருளைச் சுட்டும், வாய்பாடு மெய் அல்லது பொய் ஆகும். அந்த வேறுபாடு தமிழில் கெடவில்லை. பல்லுறுப்புக் கோவை வரும் இடத்தில் உறுப்பு உறுப்பாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் வேண்டும் என்ற விதியை யார் போட்டது? தேடுபொறியில் ‘கோவை’ என்று தட்டினால் பேரூரும் ஈச்சனாரியும் வரும் என்பது மெய்தான். அதற்காக அகப்பொருட்கோவை பாடியவர்கள் யாரும் தம் நூல்வகையின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது ‘மீள்’. ஆங்கிலத்தின் ‘ரீ’ என்ற முன்னொட்டைக் கண்ட இடத்திலெல்லாம் ‘மீள்’ ஒட்டும் பழக்கம் தொற்றாகிவிட்டது: மீள்பார்வை, மீள்பதிவு, மீள்பயன்பாடு. மீளுதல் என்றால் திரும்பி வருதல். ‘மீளா அடிமை’, ‘மீட்டெடுத்தல்’ என்ற வழக்குகளில் அந்தப் பொருள் தெளிவாக இருக்கிறது. விதிக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு, விதியில் திரும்பி வர வழி இல்லை என்பதுதான். சமன்பாடு இருவழிப் பாதை. அம்புக்குறி போட்டதும் ஒருவழிப் பாதை. திரும்பி வந்தால் கணக்கு முடியாது. ய + ர → ர + ய என்று பரிமாற்றுப் பண்பை விதியாக எழுதிப் பாருங்கள்: 2 + 3, 3 + 2 ஆகும், மறுபடி 2 + 3 ஆகும், எந்திரம் சூடாகும். மீளாமையே உயிராக உள்ள முறைக்கு ‘மீளெழுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘மறுஎழுத்து’ கொஞ்சம் பரவாயில்லை என்றாலும், எழுதியதையே மறுபடி எழுதும் தண்டனை வேலைபோலத் தொனிக்கிறது. நடப்பது ஒன்றை நீக்கி வேறொன்றை வைப்பது. ‘மாற்றியெழுதல்’ என்பது அதைச் சொல்கிறது. விதிக்கு ‘மாற்றெழுது விதி’.

‘பதிலீடு’ என்பவர்களுக்கும் விடை சொல்லவேண்டும். மாற்றியெழுதலின் ஒவ்வொரு படியிலும் மூன்று வேலைகள் நடக்கின்றன. இடப்பக்கத்தை ஓர் உட்கோவையோடு பொருத்திப் பார்ப்பது. அதில் மாறிகள் எவையெவை ஆகின்றன என்று குறித்துக்கொண்டு வலப்பக்கத்தில் அவற்றை இடுவது. வந்ததைப் பழைய உட்கோவை இருந்த இடத்தில் வைப்பது. நடு வேலைக்குத்தான் பதிலீடு என்று பெயர். நடுவிரலின் பெயரைக் கைக்கு வைக்க முடியாது.

இலக்கணம் கற்றவர்கள் ‘திரிபு’ என்ற சொல்லை முன்வைக்கும்போதுதான் மனம் சற்று அசைகிறது. மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று தொல்காப்பியமும், தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூலும் வகுத்தவை அச்சு அசலாக மாற்றெழுது விதிகளே. பொன் + குடம் பொற்குடமாவதற்கு இடப்பக்கம், வலப்பக்கம், சூழல் மூன்றும் உண்டு. ஆனால் அவை எழுத்துச் சரத்தின்மேல் இயங்குபவை. தூவின் பக்கம் சேரும், நம் பக்கம் அல்ல. அதோடு, செய்தித்தாள் தமிழ் ‘திரிபு’ என்பதைக் கெடுத்துவிட்டது. திரித்துக் கூறினார் என்றால் பொய் சொன்னார் என்று பொருள். சமன்பாட்டிலிருந்து பிறந்த விதியோ மதிப்பை மாற்றாமல் வடிவை மட்டும் மாற்றுவது.

குடும்பச் சொற்களிலும் இதே சீர்கேடுதான். மேலும் மாற்ற முடியாத கோவைக்கு ஆங்கிலத்தில் ‘நார்மல் ஃபார்ம்’ என்று பெயர். அதைச் ‘சாதாரண வடிவம்’ என்கிறார்கள். அதில் என்ன சாதாரணம்? ‘முடிவடிவம்’ என்றால் போதும். இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. ஜெர்மனியில் மைன்ஸ் நகரின் ஆல்பர்ட் கிரேஃப் 2008இல் வெளியிட்ட, கோவை மாற்றியெழுதலால் இயங்கும் பியூர் என்ற கணினி மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சதுரம்(ய) = ய*ய என்ற விதியை மட்டும் வைத்து, மதிப்பே கொடுக்காத அ, ஆ இரண்டோடு சதுரம்(அ+ஆ) கேட்டால் (அ+ஆ)*(அ+ஆ) என்று வரும். பிழைச்செய்தி வராது, பொருந்தும் விதி தீர்ந்துவிட்டது, அதனால் அதுவே முடிவடிவம். பங்கீட்டுப் பண்பையும் சேர்ப்புப் பண்பையும் விதிகளாகச் சேர்த்துவிட்டுக் கேட்டால் அ*அ + அ*ஆ + ஆ*அ + ஆ*ஆ என்று விரிந்து நிற்கும். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ‘சதுரம்’ என்பதைச் ‘சதுரன்’ என்று தவறாகத் தட்டினால், ஹாஸ்கல் என்ற கணினி மொழியின் தொகுப்பி (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) உடனே அலறும். பியூர் சதுரன்(5) என்பதையே முடிவடிவமாக எடுத்து நீட்டும். ‘சாதாரண வடிவம்’ என்று படித்த மாணவர் அதைப் பார்த்து எதையும் ஊகிக்கமாட்டார். முடிவடிவம் என்று அறிந்தவர் ‘விதி ஏன் பொருந்தவில்லை?’ என்று கேட்பார், எழுத்துப்பிழை அகப்படும்.

‘கன்ஃபுளூயன்ஸ்’ என்பதற்குச் ‘சங்கமம்’ எதற்கு, பவானியில் கூடுதுறை இருக்கும்போது? ‘கூடல்’ போதும். ஒரே கோவையிலிருந்து இரு வழியாகப் பிரிந்து போனாலும் மறுபடி ஓரிடத்தில் சேரமுடியும் என்பதே அந்தப் பண்பு. பிரிந்தவர் சேர்வதையும் தமிழ் கூடல் என்றுதான் சொல்கிறது. கூடல் தவறுவது எளிது. 0*ய → 0 என்று ஒரு விதி, ய*பிழை → பிழை என்று இன்னொன்று வையுங்கள். 0*பிழை என்ற கோவையை முதல் விதி 0 ஆக்கும், இரண்டாவது பிழை ஆக்கும். இரண்டும் முடிவடிவங்கள், இனிச் சேர வழியில்லை. ஒன்றன்மேல் ஒன்று படியும் இத்தகைய இடங்களைத் தேடிப்பிடித்துப் புது விதி சேர்த்துக்கொண்டே போகும் செய்முறையை டொனால்ட் கனூத்தும் பீட்டர் பெண்டிக்ஸும் 1970இல் வெளியிட்டார்கள். குலம் (‘குரூப்’) என்ற கணித அமைப்புக்குரிய மூன்று அடிக்கோள்களைக் கொடுத்தால் பத்து விதிகளாக வந்து நிற்கிறது. எங்கும் முடியாமல் ஓடாது என்பது உறுதியானால், ஒரு படி விலகியவை கூடுகின்றனவா என்று பார்த்தாலே போதும் என்பது மேக்ஸ் நியூமன் 1942இல் தந்த துணைத்தேற்றம். இவை எல்லாம் காகிதக் கணக்கு என்று நினைக்கவேண்டாம். ஹாஸ்கலின் ஜிஹெச்சி தொகுப்பியில் நிரலரே மாற்றெழுது விதி எழுதலாம். அவை கூடுமா, முடியுமா, இருபக்கமும் ஒரே மதிப்பா என்று தொகுப்பி சோதிப்பதில்லை.

பியூர், ஹாஸ்கல் போன்ற ‘ஃபங்ஷனல்’ மொழிகளைச் ‘செயல்பாட்டு மொழிகள்’ என்று சொல்வதையும் விடவேண்டும். ‘செயல்பாட்டு மொழி’ என்றால் வேலை செய்யும் மொழி. மற்றவை வேலை செய்யாதா? கணிதத்தில் ‘ஃபங்ஷன்’ என்றால் சார்பு. வெறும் ‘சார்பு மொழி’ என்றால் கட்சிச் சார்புபோல ஒலிக்கும் என்பதால் ‘சார்புவழி மொழி’ எனலாம்.

‘ரிடக்‌ஷன்’ (மாற்றியெழுதலுக்கு இன்னொரு பெயர்) என்பதைக் ‘குறைத்தல்’ என்பது தவறு, கோவை பல வேளை பெருக்கும்: ய*(ர+ல) → ய*ர + ய*ல என்பதில் ய இரண்டாகிறது. ஆயினும் ஓட்டம் முடியும். ஒவ்வொரு மாறிக்கும் 2க்குக் குறையாத எண் கொடுத்து, கூட்டலை ‘இரண்டின் கூடுதலோடு 1’ என்றும் பெருக்கலைப் பெருக்கலாகவும் கணக்கிட்டால், இடப்பக்கம் யர + யல + ய, வலப்பக்கம் யர + யல + 1. படிதோறும் எண் இறங்குகிறது, அதனால் முடிவின்றி ஓடாது. பள்ளி வழக்கில் ‘சுருக்குக’, ‘விரித்தெழுதுக’ என்று இரண்டு ஏவல்கள் உண்டு. இது இரண்டையும் உள்ளடக்கியது, ஆகவே ‘சுருக்கல்’ என்பதும் பாதிதான் பொருந்தும். ஹோசே மெசெகர் குழுவினரின் மாட் மொழியில் இது நடைமுறைச் சிக்கலாகிறது. அங்கே சமன்பாடு வேறு, விதி வேறு. சமன்பாடுகள் முடியவும் கூடவும் வேண்டும். விதிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை நிலைமாற்றத்தைச் சொல்பவை. ‘ரெட்யூஸ்’ என்ற கட்டளை சமன்பாடுகளை மட்டும் பயன்படுத்தும். ‘ரீரைட்’ விதிகளையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் ‘சுருக்கு’ என்று பெயர்த்த கையேட்டை வைத்துக்கொண்டு விதி ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலாவதற்கு ‘முடிவடிவம் காண்’, இரண்டாவதற்கு ‘மாற்றியெழுது’.