சாம்பல் திரைக்குப் படம் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

தேர்தல் முடிவு வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டணிக்குச் சிவப்பு, எதிரணிக்குப் பச்சை. கணினியில் பளிச்சென்று தெரியும். அதையே சாம்பல் மட்டும் காட்டும் கிண்டில், கோபோ போன்ற மின்நூல் கருவியில் திறந்தால், மாநிலம் முழுக்க ஒரே கட்சி ஜெயித்த மாதிரி ஒரே சாம்பல். மின்நூல்களில் வரும் வரைபடம், விளக்கப்படம், புகைப்படம் எல்லாவற்றுக்கும் இந்தக் கதி நேர்கிறது. வெளியிடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

வண்ணப்படத்தைச் சாம்பலாக்கும்போது பல மென்பொருள்கள் சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுகின்றன. 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையுள்ள அளவில், முழுச் சிவப்பான 255 அந்தக் கணக்கில் 76 ஆகிறது. 130 அளவுள்ள இலைப்பச்சையும் அதே 76. முழு நீலம் 29, ஏறக்குறைய கறுப்பு. முழு மஞ்சள் 226, ஏறக்குறைய காகிதம். வேறு சில மென்பொருள்கள் 0.2126, 0.7152, 0.0722 என்ற எண்களை வைத்துக்கொள்கின்றன. அங்கே சிவப்பு இன்னும் இருண்டு 54-க்கு இறங்கிவிடும். ஒரே படம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி சாம்பலாவது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, நிறத்தை மட்டும் நம்பிச் சொன்ன தகவல் எது என்று தேடுவது. கோட்டு வரைபடத்தில் மூன்று கோடுகள் மூன்று நிறத்தில் இருந்தால், ஒன்றை முழுக்கோடாகவும், ஒன்றை வெட்டுக்கோடாகவும், ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் மாற்றுங்கள். எந்தக் கோடு எது என்பதை ஓரத்தில் தனிப் பெட்டி போட்டுச் சொல்லாமல், கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள். வரைபடப் பகுதிகளுக்கு நான்கு சாம்பல்களுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் சாய்கோடு, புள்ளி என நிரப்புங்கள். சாய்கோடுகளுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு பிக்சலாவது விடவேண்டும். நெருக்கமாகப் போட்டால், கருவி படத்தைச் சுருக்கும்போது இல்லாத அலைக்கோலங்கள் முளைக்கும்.

இதற்காக வண்ணத்தையே தூக்கிவிட வேண்டுமா? கடையில் விற்கும் நூலென்றால் வேண்டாம். அதே கோப்பைப் பலர் கைபேசியில் படிப்பார்கள். சாம்பலாக்கினாலும் வேறுபட்டுத் தெரியும் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள்: அடர்நீலத்தோடு இளமஞ்சள், கருஞ்சிவப்போடு வெளிர்பச்சை. ஒரே கோப்பு இரண்டு இடத்துக்கும் ஆகும்.

திரையில் இருப்பது பதினாறு படி

இந்தக் கருவிகளில் உள்ள வழக்கமான ஈ-இங்க் திரை 16 சாம்பல்களைக் காட்டும். 0 முதல் 255 வரையுள்ள அளவில் ஒவ்வொரு படிக்கும் 17 இடைவெளி: 0, 17, 34 என்று 255 வரை. மேலே சொன்ன மஞ்சளுக்குக் கிடைப்பது 221, அதாவது வெள்ளைக்கு இரண்டே படி கீழே. மெல்லிய மஞ்சள் கோடு காணாமல் போவதில் வியப்பில்லை.

படிகள் குறைவு என்பதோடு தொல்லை முடியவில்லை. திரையின் வெள்ளை செய்தித்தாளின் வெள்ளை போலத்தான் இருக்கும், கறுப்பும் முழுக் கறுப்பாக இருக்காது. மின்னேற்றம் பெற்ற வெள்ளை, கறுப்புத் துகள்கள் மேலே வருவதும் கீழே போவதுமாக உருவாகும் படம் அது, தானாக ஒளிராது. கருவியின் முன்விளக்கு கூடத் திரையின் மேற்பரப்பில் விழும் வெளிச்சம்தான். கணினியில் அழகாகத் தெரியும் மாலை நேரப் புகைப்படம் இங்கே கரித்துண்டாகிவிடும். கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில், வெளிச்சத்தைத் திருத்தும் லெவல்ஸைத் திறந்து, நடுக் கைப்பிடியை 1.1 முதல் 1.3 வரை ஏற்றுங்கள். முகம், துணி மடிப்பு, நிழலுக்குள் இருக்கும் பொருள் மூன்றும் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் படம் சோகை பிடித்தது போலாகும்.

புத்தகத்துக்குள்ளா, முழுத்திரைக்கா?

அடுத்த வேலைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல இதைக் கேட்காமலேயே டிதரிங் செய்யச் சொல்கின்றன. டிதரிங் என்பது இல்லாத சாம்பலைப் புள்ளிகளின் கலவையால் ஏய்த்துக் காட்டுவது. 128 என்ற சாம்பல் திரையில் கிடையாது. 119-ம் 136-ம் உண்டு. நூற்றில் ஏறக்குறைய 53 புள்ளிகளை 136 ஆகவும் மற்றவற்றை 119 ஆகவும் தூவினால் கண்ணுக்கு 128 ஆகிவிடும். 1976-இல் வெளியான ஃபிளாய்ட்-ஸ்டைன்பர்க் முறை, ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சும் பிழையைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, நேர் கீழே 5, கீழ் இடத்துக்கு 3, கீழ் வலத்துக்கு 1 என்று பங்கு போடுகிறது. வானம், சுவர் போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால் மறையும்.

ஆனால் இந்தத் தூவல், படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் அப்படியே உட்கார்ந்தால்தான் பலிக்கும். புத்தகத்துக்குள் வரும் படத்தைக் கருவி ஓரவெளி, எழுத்தளவு பார்த்துத் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். அப்போது தூவிய புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி, படம் முழுக்கக் கட்டம் கட்டமாக அழுக்கேறும். எனவே நூலுக்குள் போகும் படத்துக்கு டிதரிங் கூடவே கூடாது. வண்ணமாகவோ 256 படிச் சாம்பலாகவோ விட்டுவிடுங்கள்; பதினாறாக்குவதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

கோபோவில் திரைக்காப்புப் படம் வைப்பது, திரை அளவுக்கே பக்கம் அமைத்த காமிக்ஸ் போன்ற முழுத்திரை வேலைகளுக்கு மட்டும் டிதரிங். அதற்குக் கருவியின் அளவு துல்லியமாக வேண்டும். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கொண்ட 6 அங்குலத் திரைகளில் 1072 × 1448, 6.8 அங்குலக் கிண்டில் பேப்பர்வைட்டில் 1236 × 1648, 7 அங்குலக் கருவிகளில் 1264 × 1680. வேலையின் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் வெட்டுதல், பிறகு சாம்பலாக்கி வெளிச்சம் திருத்துதல், அடுத்து சரியான பிக்சலுக்குச் சுருக்குதல், அரை முதல் ஒரு பிக்சல் ஆரத்தில் லேசாக ஷார்ப்பன் செய்தல் (விளிம்புகளைக் கூராக்குதல்), கடைசியாக டிதரிங். கிம்பில், குறிப்பிட்ட எண்ணிக்கை நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இண்டெக்ஸ்டு மோடுக்குப் போய் 16 நிறம் கேட்பவர்கள் உண்டு. மென்பொருள் அங்கே அந்தப் படத்துக்குப் பிடித்த பதினாறு சாம்பல்களைத் தானாகப் பொறுக்கும். அவை திரையின் படிகளோடு பொருந்தாது. கலர்ஸ் மெனுவில் உள்ள டிதரில் படிகளை 16 என்று வையுங்கள், இடைவெளி சீராக வரும். சேமிப்பது பிஎன்ஜியில். ஜேபெக்கில் சேமித்தால், தூவிய புள்ளிகளை அது கலக்கிவிடும், கோப்பும் ஊதிப்போகும்.

பழைய பத்திரிகைப் படங்கள்

தமிழ் மின்நூல்களில் அதிகம் சொதப்புவது இதில்தான். ஆஃப்செட்டில் அச்சான புகைப்படம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது. அதை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து அப்படியே சுருக்கினால் மீன் செதில் போல அலைகள் வரும். 600 டிபிஐயில், சாம்பல் அல்லது வண்ண முறையில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப்புள்ளிகள் கரையும் அளவுக்கு காஸியன் ப்ளர் (படத்தை மங்கலாக்கும் வசதி) கொடுங்கள். ஒன்றரை, இரண்டு பிக்சலில் ஆரம்பித்துப் பார்க்கலாம். பிறகு சுருக்கி, பிறகு ஷார்ப்பன். கோட்டோவியமாக இருந்தாலும் வெறும் கறுப்பு-வெள்ளை முறையில் ஸ்கேன் செய்யாதீர்கள். தூரிகைக் கோட்டின் விளிம்பு ரம்பப்பல் ஆகிவிடும்.

பழுப்பேறிய தாளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சாம்பலாக்கும்போது சிவப்பு சேனலை, அதாவது படத்தில் உள்ள சிவப்பின் அளவை மட்டும் எடுங்கள். கிம்பின் மோனோ மிக்சரில் சிவப்பு 1, மற்ற இரண்டும் 0. பழுப்பும் மஞ்சளும் சிவப்பு சேனலில் வெளுத்தும், நீல சேனலில் கறுத்தும் இருக்கும். பாதிக் கறை இதிலேயே போய்விடும். மீதிக்கு லெவல்ஸில் வெள்ளைப் புள்ளியை (எந்த அளவிலிருந்து முழு வெள்ளை என்று சொல்லும் கைப்பிடியை) தாளின் நிறத்துக்கு இறக்குங்கள், பெரும்பாலும் 220-க்கும் 235-க்கும் இடையில் இருக்கும். சிவப்பு மையில் அச்சான தலைப்போ ரப்பர் ஸ்டாம்போ இருந்தால் இந்த வழி ஆகாது, அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

படத்துக்குள் தமிழ் எழுத்து

300 பிபிஐ திரையில் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர்தான். ஒரு பிக்சல் கோடு பாதி சாம்பலாகிக் கரையும். கடைசி அளவில் இரண்டு, மூன்று பிக்சல் கனம் வேண்டும். எழுத்துக்கு 8 பாயிண்ட் அளவு என்றால் 33 பிக்சல். அதற்குக் கீழே போனால் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி: க் என்பது க ஆகிவிடும். அடுத்து ண-வின் சுழிகள் அடைத்து ன-வோடு குழம்பும். ஆங்கிலத்துக்கு வரைந்த படத்தில் சொல்லை மட்டும் தமிழாக்கி அதே பெட்டிக்குள் திணிக்கும்போது இது கட்டாயம் நடக்கும். தமிழ்ச் சொல் நீளமானது; எழுத்தைச் சுருக்காமல் பெட்டியைப் பெரிதாக்குங்கள், அல்லது 1, 2, 3 என்று எண் போட்டு விளக்கத்தைப் படத்துக்குக் கீழே உரையாகக் கொடுங்கள். அட்டவணையைப் படமாக வைப்பதை விட்டுவிடுங்கள், அது உரையாகவே இருக்கட்டும்.

கோப்பில் ஒளிந்திருக்கும் சில வம்புகளும் உண்டு. அச்சகத்திலிருந்து வந்த சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிறமுறை) ஜேபெக், சில கருவிகளில் திறக்காது, சிலவற்றில் தலைகீழ் நிறத்தில் வரும், திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி நிறமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்னணி வெளிப்படையாக உள்ள பிஎன்ஜியில் கறுப்புக் கோட்டோவியம் இருந்தால், வாசகர் இருள் முறைக்கு மாற்றியதும் கறுப்பின் மேல் கறுப்பாக மறைந்துவிடும். பின்னணியை வெள்ளையால் நிரப்பியே சேமியுங்கள்.

சோதனையைக் கணினியின் முன்னோட்டத்தோடு நிறுத்த வேண்டாம்; அங்கே ஒளிர்வது வேறு திரை. கோப்பை யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றுங்கள். கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் வழியில் உருமாற்றம் நடக்கும், படமும் மறுபடி சுருக்கப்படலாம். முன்விளக்கை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கைப் போட்டு இரவில் ஒருமுறை, இருள் முறையில் ஒருமுறை பாருங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் படத்தின் மேல் படிந்திருந்தால் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிவிட்டுப் பாருங்கள்; அது திரையின் எச்சம், படத்தைத் திருத்தி அதைப் போக்க முடியாது.